வைட்டமின் டி வேண்டுமா? நிழலைப் பாருங்கள்

காலை ஆறரை மணி இளவெயிலில் நடந்தால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நடை நல்லதுதான். ஆனால் அந்த நேரத்து வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிக்கத் தேவையான புற ஊதா பி கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் கணக்கு. கை, கால்களில் வெயில் படும்படி கால் மணி நேரம் நில்லுங்கள். கருத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

நோய் எதிர்ப்புக்கு இது எதற்கு? கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள், கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தை உண்டாக்க வைட்டமின் டி உதவுகிறது. எதிர்ப்பு வேலை அளவு மீறாமல் அடக்குவதிலும் அதற்குப் பங்குண்டு. அதற்காக, குறைபாடே இல்லாதவர் மாத்திரை போட்டால் சளி பிடிக்காது என்று எண்ண வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைபாடு என்பார்கள். மருத்துவர் எழுதித் தரும் 60,000 யூனிட் மாத்திரை பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான், தினமும் அல்ல! அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கும். கொழுப்பில் கரைவதால் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள்.