பலூன் பயணக் கதைகளைச் சொல்லும்போது எங்கே தவறுகிறோம்?

வினோதமான பலூன் பயணங்களைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போதும் சரி, எழுதும்போதும் சரி, சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, புகைதான் பலூனைத் தூக்குகிறது என்பது. சூடான காற்று பலூனை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர்களான மோன்கோல்ஃபியே சகோதரர்களே அப்படித்தான் நம்பினார்கள். புகை நிறைய வரட்டும் என்று ஈர வைக்கோலையும் கம்பளியையும் எரித்தார்கள். உண்மையில் தூக்கியது சூடான காற்று. சூடானால் காற்று விரிந்து லேசாகிவிடும்.

அடுத்தது, 1783-ல் பிரான்சில் பறந்த பலூன்களையெல்லாம் ஒன்றாகக் குழப்புவது. நவம்பர் 21 அன்று இரண்டு பேர் பறந்தது சூடான காற்று பலூனில். பத்தே நாள் கழித்து விஞ்ஞானி ஷார்ல் பறந்தது ஹைட்ரஜன் பலூனில். அவர் ஆகஸ்டில் ஆளில்லாமல் விட்ட பலூன் கோனெஸ் கிராமத்தில் விழ, மக்கள் பயந்துபோய் அதைக் குத்திக் கிழித்தார்கள். இதற்காக அவர்களைக் கேலி செய்ய வேண்டாம். வானத்திலிருந்து அப்படி ஒன்று விழுந்து அவர்கள் எப்போது பார்த்தார்கள்?

1982-ல் அமெரிக்காவில் லாரி வால்டர்ஸ் நாற்காலியில் கட்டிப் பறந்ததும் பிறந்தநாள் பலூன்கள் அல்ல, ஹீலியம் நிரப்பிய பெரிய வானிலை பலூன்கள்.

என்னைப் பொறுத்தவரை பெரிய தவறு, வெற்றியை மட்டும் சொல்வது. 1979 செப்டம்பர் 16 அன்று அதிகாலை இருட்டில், ஸ்ட்ரெல்சிக், வெட்செல் என்ற இரண்டு குடும்பங்கள், தாங்களே தைத்த பலூனில் கிழக்கு ஜெர்மனியின் எல்லையைத் தாண்டி மேற்கு ஜெர்மனிக்குத் தப்பின. அப்போது ஜெர்மனி இரண்டு நாடுகளாகப் பிரிந்திருந்தது; கிழக்கிலிருந்து மேற்கே மக்கள் விருப்பம்போல் போக முடியாது. மொத்தம் எட்டுப் பேர், அதில் நான்கு பேர் பிள்ளைகள். துணிச்சல் என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அது மூன்றாவது பலூன். முதல் பலூனின் பருத்தித் துணி காற்றை ஒழுகவிட்டது, ஊதவே முடியவில்லை. அப்புறம்தான் வேக்கூம் கிளீனரை வைத்து, எந்தத் துணி காற்றைத் தாங்கும் என்று சோதித்தார்கள். ஜூலையில் இரண்டாவது பலூனில் ஒரு குடும்பம் மட்டும் கிளம்பியது. மேகத்துக்குள் போனதும் துணி ஈரத்தில் கனத்து, எல்லைக்குச் சுமார் 200 மீட்டர் இருக்கும்போதே தரையிறங்கிவிட்டது. பலூனை அங்கேயே போட்டுவிட்டு ஓசையில்லாமல் வீடு திரும்பினார்கள். போலீஸ் தேடத் தொடங்கிவிட்டது. அந்தப் பயத்தோடுதான் ஊர் ஊராகப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் துணி வாங்கி மூன்றாவதைத் தைத்தார்கள்.

அதில் கூடைகூடக் கிடையாது. ஒரு இரும்புத் தகடு, மூலைக்கு ஒரு கம்பம், பிடித்துக்கொள்ளச் சுற்றிலும் துணி காயப்போடும் கயிறு, நடுவில் கேஸ் சிலிண்டர்கள். அதன்மேல் இரண்டு வயதுக் குழந்தையும் இருந்தது. 28 நிமிடம் பறந்து, கேஸ் தீர்ந்து, நைலா என்ற ஊருக்குப் பக்கத்தில் இறங்கியபோது எந்த நாட்டில் இருக்கிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. வந்த போலீஸ்காரர்களிடம் கேட்டுத்தான் மேற்கு ஜெர்மனி என்று தெரிந்துகொண்டார்கள்.