120 அடி அணையும் தானாக நீளும் அச்சும்: வரைபடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. ஒரு வாரத்தில் அது 119 அடியிலிருந்து 118.2 அடிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏழு நாள் எண்களை ஒரு வரைபட நூலகத்திடம் (படம் வரைந்து தரும் நிரல் தொகுப்பிடம்) கொடுத்து, அச்சு எந்த எண்ணில் தொடங்கி எதில் முடிய வேண்டும் என்ற எல்லையைப் பற்றி வாய் திறக்காமல் விட்டால், பெரும்பாலானவற்றில் கோடு இடது மேல் மூலையில் தொடங்கி வலது கீழ் மூலையில் போய் விழும். 400 பிக்சல் உயரமுள்ள படத்தில் அந்த 0.8 அடி 360 பிக்சலுக்கு மேல் பிடித்துக்கொள்ளும். பார்ப்பவர் அணை வறண்டது என்றே நினைப்பார். சரி, பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும் என்று மாற்றினால், அதே 0.8 அடிக்கு மூன்று பிக்சல்கூடத் தேறாது. கோடு தூங்குவதுபோலத் தோன்றும்.

இரண்டு படங்களிலும் எண்கள் சரிதான். கேட்கப்பட்ட கேள்விதான் வேறு. குறுவைக்குத் தண்ணீர் தாங்குமா என்று கணக்குப் பார்க்கும் விவசாயிக்கு 0 முதல் 120 வரையிலான படம் வேண்டும். அணை நிரம்பும் தறுவாயில் உபரிநீரை எப்போது திறப்பது என்று யோசிக்கும் பொறியாளருக்குக் கடைசி இரண்டு அடிதான் உலகம். நூலகம் தானே தேர்ந்துகொள்ளும் இந்தத் தானியங்கி எல்லைக்கு இவர்களில் யாரையும் தெரியாது. கையில் உள்ள எண்களில் சிறியது எது, பெரியது எது, ஓரத்தில் எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதோடு அதன் அறிவு முடிந்துவிடுகிறது. அந்த ஓர இடமும் நூலகத்துக்கு நூலகம் மாறும். மேட்பிளாட்லிப் என்ற நூலகம் 2017-இல் வெளிவந்த 2.0 பதிப்பிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஐந்து சதவீதம் விடுகிறது; அதற்கு முந்தைய பதிப்புகள் எல்லையை அடுத்த அச்சுக்குறி எண்ணுக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் அருகருகே வைத்து "எண் மாறிவிட்டதா?" என்று குழம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பூஜ்யம் எங்கே வேண்டும்

"அச்சு எப்போதும் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும்" என்பதைப் பலர் வேதவாக்காகப் பிடித்துக்கொள்கிறார்கள். பட்டை வரைபடத்துக்கு அது சரி. பட்டையின் நீளமே அங்கே அளவு. அடியை வெட்டினால் அளவே பொய்யாகிவிடும். அதனால்தான் ப்ளாட்லி என்ற நூலகம் பட்டை வரைந்தால் யாரும் கேட்காமலேயே பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்கிறது. கோட்டு வரைபடத்தின் கதை வேறு.

இந்திய மின்தொகுப்பின் அதிர்வெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ்தான் இலக்கு, 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. இதைப் பூஜ்யத்திலிருந்து 400 பிக்சல் உயரத்தில் வரைந்தால் அனுமதிக்கப்பட்ட அந்த வீச்சு முழுவதும் ஏறத்தாழ ஒரே ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். தொகுப்பு தள்ளாடும்போதுகூடப் படத்தில் ரூல் தடியால் போட்ட கோடுதான் தெரியும். இங்கே பூஜ்யம் நேர்மையின் அடையாளம் ஆகாது. அது செய்தியை மறைக்கிறது. உடல் வெப்பநிலைக்கும் இதே கதைதான்.

ஆகவே நாம் எதுவும் சொல்லாதபோது நூலகத்தின் இயல்நிலை என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஈசார்ட்ஸ், கோட்டு வரைபடத்திலும் பூஜ்யத்தைச் சேர்த்தே வரையும்; வேண்டாம் என்றால் 'ஸ்கேல்' என்ற அமைப்பை 'ட்ரூ' ஆக்க வேண்டும். ப்ளாட்லியில் நிலைமை தலைகீழ்: கோட்டுக்குப் பூஜ்யம் வேண்டுமானால் 'ரேஞ்ச்மோட்' அமைப்பில் 'டூஸீரோ' என்று கேட்டு வாங்க வேண்டும்.

சுவரா, வேலியா

தானியங்கி சரிப்படவில்லை என்றதும் அடுத்து எல்லோரும் செய்வது, எல்லையைக் கையால் அடித்து இறுக்கிவிடுவது. அணைக்கு 0, 120. வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறோம். பிறகு ஒருநாள் அளவி 120.3 காட்டுகிறது. படத்தில் கோடு மேல் விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கிறது. எந்த நிகழ்வைக் காட்டுவதற்காக இத்தனை பாடுபட்டோமோ, அதுவே திரைக்கு வெளியே போய்விட்டது.

இதற்கு மாற்று பல கருவிகளில் இருக்கிறது, தேடுவார்தான் குறைவு. கிராஃபானாவில் 'சாஃப்ட் மின்', 'சாஃப்ட் மேக்ஸ்' என்றும், சார்ட்.ஜேஎஸ்ஸில் 'சஜஸ்டட்மின்', 'சஜஸ்டட்மேக்ஸ்' என்றும் பெயர். எண்கள் உள்ளே இருக்கும்வரை அச்சு நாம் சொன்ன இடத்தில் நிற்கும். தாண்டினால் தானாக விரிந்து கொடுக்கும். வேலிபோல வளையும், சுவர்போல முட்டாது. ப்ளாட்லியில் நெடுங்காலம் இப்படி ஒன்று இல்லாமல் கையால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். 2023-இல் வந்த 2.26 பதிப்பு 'ஆட்டோரேஞ்ச்ஆப்ஷன்ஸ்' என்ற தொகுதியைக் கொண்டுவந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது 'இன்க்ளூட்'. 120 என்று அதில் எழுதிவிட்டால், வாரப் படமோ வருடப் படமோ, 120 என்ற அளவு எப்போதும் அச்சுக்குள் இருக்கும். மற்றதைத் தானியங்கி பார்த்துக்கொள்ளும். வெள்ள வாரத்துப் பொறியாளருக்கு அது போதும். அதே பதிப்பிலிருந்து எல்லையின் ஒரு முனையை மட்டும் நிறுத்திவிட்டு மறுமுனையைத் தானியங்கிக்கு விடவும் முடிகிறது.

சுவரே தேவைப்படும் இடமும் உண்டு. சதவீதம் 100-ஐத் தாண்டாது, மழையளவு எதிர்க்குறியில் வராது என்கிறபோது கறாரான எல்லை வைப்பதில் தவறில்லை.

ஒரே ஒரு -999

மழைமானி ஒன்றின் தரவைத் திரையில் ஏற்றிய புதிதில் எனக்கு நேர்ந்தது இது. நாளுக்கு அதிகபட்சம் 80 மில்லிமீட்டர் மழை. ஆனால் படத்தில் எல்லாப் புள்ளிகளும் உச்சியில் ஒட்டடைபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. கீழே பாதாளம் வரை வெற்றிடம். அரை மணி நேரம் அச்சு அமைப்புகளோடு மல்லுக்கட்டினேன். கீழ் எல்லையைப் பூஜ்யமாக்கியதும் படம் அழகாகிவிட்டது. அங்கேதான் தவறு செய்தேன். வானிலைத் தரவில் அளவு கிடைக்காத நாளுக்கு -999 என்றோ -99.9 என்றோ எழுதி வைப்பது பழைய வழக்கம். என் கோப்பில் ஒரு நாளுக்கு அப்படி இருந்தது. அச்சை வெட்டியதால் அது கண்ணிலிருந்து மறைந்ததே தவிர, தரவில் அப்படியே உட்கார்ந்திருந்தது. மாதச் சராசரி மழை எதிர்க்குறியில் வந்தபோதுதான் பிடிபட்டது.

அச்சு வினோதமாக நீண்டால் முதலில் தரவைச் சந்தேகப்படுங்கள். அந்த வகையில் தானியங்கி எல்லை ஒரு நல்ல காவல்நாய். குரைக்கிறது என்பதற்காக வாயைக் கட்டிவிடக் கூடாது. -999-ஐ வெற்று மதிப்பாக மாற்றிவிட்டால் அச்சு தானாகவே ஒழுங்குக்கு வரும்.

காலத்தைக் காட்டும் எக்ஸ் அச்சிலும் இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறான். கடிகாரம் ஓடாத சென்சார் நேரத்தைப் பூஜ்யம் என்று அனுப்பிவிடும். கணினிக்குப் பூஜ்யம் என்றால் 1970 ஜனவரி 1. இந்திய நேரப்படி காலை 5.30. உடனே நேற்றைய தரவைக் காட்டவேண்டிய அச்சு அரை நூற்றாண்டுக்கு நீண்டு, உண்மையான அளவுகள் அனைத்தும் வலது ஓரத்தில் ஒற்றைக் கம்பியாகிவிடும். எக்ஸ் அச்சில் '1970' என்று பார்த்தாலே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று. கோப்பில் எங்கோ ஒரு கட்டத்தில் சிறுகோடு இருந்ததால் அந்த நெடுவரிசை முழுவதும் எழுத்தாகப் படிக்கப்பட்டிருந்தால், மேட்பிளாட்லிப் ஒவ்வொரு எண்ணையும் ஒரு பெயராக எடுத்துக்கொண்டு, வந்த வரிசையில் அச்சில் அடுக்கும். ஒய் அச்சு மசியைக் கொட்டியதுபோல் கறுத்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பார்ப்பவர் கையைத் தட்டிவிடாதீர்கள்

ஊடாடும் படம் என்றால் பார்ப்பவரும் அச்சைத் தொடுவார். இதை மறப்பதுதான் மிகவும் எரிச்சலூட்டும் தவறு. ஒருவர் மூன்று நாள் பகுதியை இழுத்துத் தேர்ந்து, பெரிதாக்கி, மூக்கைத் திரையில் ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முப்பது வினாடிக்கு ஒருமுறை புதுத் தரவு வருகிறது. படம் மறுபடி வரையப்பட்டு, எல்லை பழையபடி முழுவதற்கும் திரும்பிவிடுகிறது. அவர் மீண்டும் பெரிதாக்குகிறார், மீண்டும் போய்விடுகிறது. மூன்றாவது முறை அவர் அந்தப் பக்கத்தையே மூடிவிடுவார்.

ப்ளாட்லியில் இதற்கு 'யூஐரிவிஷன்' என்ற அமைப்பு உண்டு. அதன் மதிப்பு மாறாதவரை பார்ப்பவர் செய்த ஜூம் அப்படியே காப்பாற்றப்படும். வேறு அணையைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் மதிப்பை மாற்றினால் போதும். அணையின் பெயரையே அந்த மதிப்பாகக் கொடுத்துவிடுவது என் வழக்கம்.

யாரும் தொடாதபோதும் அச்சு ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒவ்வொரு புள்ளி வரும்போதும் எல்லை 41, 43, 40 என்று குதித்தால், தரவு ஆடுகிறதா அச்சு ஆடுகிறதா என்று தெரியாமல் போகும். விரிவதென்றால் உடனே விரியட்டும். சுருங்குவதை மட்டும் சில நிமிடம் தள்ளிப்போடுங்கள். நாலைந்து வரி நிரலில் முடியும் வேலை.

எந்தக் கோடு எது என்று சொல்லும் விளக்கக் குறிப்பைச் சொடுக்கி ஒரு கோட்டை மறைக்கும்போது என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். ப்ளாட்லியில் தானியங்கி எல்லை இயங்கினால், மிச்சமுள்ள கோடுகளுக்கு ஏற்ப அச்சு மாறிவிடும். போக்கே என்ற நூலகத்தில் 'ஒன்லி_விசிபிள்' என்று சொல்லாவிட்டால் மறைத்த கோட்டுக்கும் இடம் ஒதுக்கியபடியே இருக்கும். எது நல்லது என்பது கேள்வியைப் பொறுத்தது.

பக்கத்துப் படம், இரண்டாவது அச்சு

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் நான்கை நான்கு சிறு படங்களாக வரைவது வழக்கம். செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, சோழவரத்தினுடையது 1,081. நான்குக்கும் தனித்தனித் தானியங்கி எல்லை கொடுத்தால், சோழவரத்தின் 300-ம் செம்பரம்பாக்கத்தின் 3,000-ம் ஒரே உயரத்தில் நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மனிதக் கண் ஒப்பிடாமல் இருக்காது. எண்ணைப் படிக்கச் சொல்லி அடிக்குறிப்பு போடுவதில் பயனில்லை. நான்குக்கும் ஒரே அச்சு, இல்லையென்றால் கொள்ளளவில் எத்தனை சதவீதம் என்று மாற்றிய அச்சு. இரண்டில் ஒன்றுதான் வழி. ப்ளாட்லியில் அச்சுகளைப் பிணைக்க 'மேட்சஸ்' இருக்கிறது.

இடப்பக்கம் நீர்மட்டம் அடியில், வலப்பக்கம் நீர்வரத்து கன அடியில் என்று ஒரே படத்தில் இரண்டு ஒய் அச்சு வைப்பது இன்னும் மோசம். ஒரு கூட்டத்தில் இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் காட்டி, "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு தானியங்கி எல்லைகளும் தற்செயலாக அங்கே சந்தித்தன, அவ்வளவுதான். மேலும் கீழுமாக இரண்டு படங்கள் வைத்து எக்ஸ் அச்சை மட்டும் பிணைத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

ஒவ்வொரு படியும் பத்து மடங்காகப் பெருகும் மடக்கை (லாக்) அச்சு பற்றி இரண்டு வார்த்தை. ப்ளாட்லியில் மடக்கை அச்சுக்கு எல்லை கொடுக்கும்போது பத்தின் அடுக்கைத்தான் எழுத வேண்டும்: 1 முதல் 1,000 வரை வேண்டுமானால் 0, 3. மறந்துபோய் 1, 1000 என்று எழுதினால், ஆயிரம் பூஜ்யம் கொண்ட எண் வரை அச்சைக் கேட்டதாகிவிடும். பிரபஞ்சத்தில் அத்தனை அணுக்கள் கிடையாது. பூஜ்யத்துக்கு மடக்கை இல்லாததால், மழையில்லா நாள்கள் அந்த அச்சில் சத்தமில்லாமல் காணாமல்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதுவுமே இல்லாதபோது

படத்தை வெளியிடும் முன் மூன்று தரவுகளைக் கொடுத்துப் பார்ப்பேன்: ஒரே ஒரு புள்ளி, எல்லாம் ஒரே மதிப்பு, காலி. முதல் இரண்டிலும் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடைவெளி பூஜ்யம்; ப்ளாட்லி மேலே ஒன்று, கீழே ஒன்று சேர்த்துச் சமாளிக்கும். 0.02 போன்ற சின்ன அளவுக்கு அந்த ஒன்று மலைபோலப் பெரியது. காலித் தரவுக்கு அது தானே ஒரு எல்லையை வைத்துக்கொள்ளும்: எக்ஸ் அச்சில் -1 முதல் 6, ஒய் அச்சில் -1 முதல் 4.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இணைப்பு அறுந்து, தரவு வராமல், நீர்மட்டத் திரையில் இந்தக் காலிக் கட்டம் மட்டும் நின்றது. தொலைபேசியில் அழைத்தவருக்குக் கவலையெல்லாம் அச்சின் அடியில் இருந்த எண்ணைப் பற்றித்தான். "தம்பி, நீர்மட்டம் மைனஸ் ஒன்று என்று போட்டிருக்கிறதே, அணைக்கு அடியிலா தண்ணீர் இருக்கிறது?" திங்கள்கிழமை காலை முதல் வேலையாக, தரவு இல்லாதபோது அச்சுகளையே மறைத்துவிட்டு, நடுவில் 'அளவு வந்து சேரவில்லை' என்று எழுதி வைத்தேன்.