கடல்நீர்த் தொட்டியில் மீனைக் காணவில்லையா? பாறையைத் தூக்குவதற்கு முன் எங்கெல்லாம் தேட வேண்டும்

கடல் மீன் வளர்க்கும் எல்லோருக்கும் ஒருநாள் இது நடக்கும். நேற்று வரை தீனிக்கு முதல் ஆளாக வந்த மீனை இன்று காணோம். செத்த உடலும் இல்லை. உடனே கை லைவ் ராக்கை (தொட்டிக்குள் அடுக்கியிருக்கும், நுண்ணுயிர்கள் வாழும் பாறையை) தூக்கத்தான் போகும். தயவுசெய்து வேண்டாம். அடுக்கு சரிந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் மீன் நசுங்கிவிடும். மணல் ஆழமாக இருந்தால், கிளறும்போது அடியில் தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியே வந்து நல்லா இருக்கும் மீன்களையும் பாதிக்கும். எங்கள் வீட்டு ஃபயர்ஃபிஷ் காணாமல் போனபோது ஒரு பாறையைக்கூட அசைக்காமல், கீழே சொல்லும் வரிசையில் தேடித்தான் உயிரோடு மீட்டேன்.

1. முதலில் தரை

ஃபயர்ஃபிஷ், ராஸ், கோபி, ஜாஃபிஷ் எல்லாம் குதிக்கிற ஜாதி. தொட்டிக்குப் பின்புறம், ஸ்டாண்டுக்கு அடியில், பக்கத்து அலமாரிக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். நம் வீடுகளில் எறும்பு வரிசை நல்ல துப்பு. திடீரென ஒரு வரிசை சுவரோரம் போனால் அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். பூனை இருக்கும் வீட்டில் தரையில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

கிடைத்த மீனின் செவுள் லேசாக அசைந்தாலும் விட்டுவிடாதீர்கள். கையைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, மீனை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே விடுங்கள். தூசியைக் கழுவுகிறேன் என்று குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டாம்.

2. ஓவர்ஃப்ளோ பெட்டியும் சம்ப்பும்

நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். தொட்டியின் மேல்நீர் பல் போன்ற இடுக்குகள் வழியாக வந்து விழும் அறைதான் ஓவர்ஃப்ளோ பெட்டி; அங்கிருந்து வடிகுழாய் வழியாகத் தண்ணீர் இறங்கிச் சேரும் கீழ்த் தொட்டிதான் சம்ப். ஃபயர்ஃபிஷ் மாதிரி ஒல்லியான மீன், ஓவர்ஃப்ளோவின் பல் இடுக்கு வழியாக எளிதாக உள்ளே போய்விடும், மேல் விளிம்பைத் தாண்டியும் விழும். மேலிருந்து டார்ச் அடித்தால் கொட்டும் தண்ணீரும் நுரையும்தான் தெரியும். "அங்கேயும் பார்த்தாச்சு, இல்லை" என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். மீன் அடியில் இருட்டில் நின்றுகொண்டிருக்கும். தண்ணீரோடு விழும் தீனித் துணுக்குகளைத் தின்று பல நாள் தாக்குப்பிடிக்கவும் செய்யும்.

எனவே சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பை நிறுத்துங்கள். அதற்கு முன்னால் சம்ப்பில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பம்ப் நின்றதும் மேலிருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி கீழே இறங்கும், சம்ப் விளிம்பு வரை நிறைந்திருந்தால் வீடு நனையும். பெட்டியில் தண்ணீர் வடிகுழாயின் உயரத்துக்கு இறங்கி, மேற்பரப்பு அடங்கியபின் டார்ச்சை ஓரமாகச் சாய்த்துப் பிடித்து மூலை மூலையாகப் பாருங்கள். எங்கள் மீன் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்றது.

பார்ப்பதைவிட எடுப்பதுதான் கஷ்டம். சாதாரண வலை குழாய்களுக்கு இடையில் நுழையாது. கைப்பிடியை வளைத்த சின்ன வலையால் முயற்சி செய்யலாம், ஆனால் துரத்தத் துரத்த மீன் இன்னும் கீழே போகும். எனக்குப் பிடித்த வழி சைஃபன். ஓர் அங்குல அகலமான மிருதுவான டியூபை மீனுக்கு அருகே இறக்கி, மறுமுனையை வாளியில் வைத்து நீரை இழுத்தால், மீன் தண்ணீரோடு சேர்ந்தே வாளிக்கு வந்துவிடும். உடம்பில் வலை உரசாது, செதிலும் போகாது. வாளித் தண்ணீரை அப்படியே திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். வடிகுழாயை மட்டும் பிடுங்காதீர்கள், மீன் குழாய் வளைவில் சிக்கினால் எடுக்க வழியே இல்லை.

பெட்டியில் இல்லையென்றால் சம்ப்புக்குப் போங்கள். முதலில் ஃபில்டர் சாக்கை (வடிகட்டும் துணிப்பையை) உள்வெளியாகத் திருப்பிப் பாருங்கள், அப்புறம் ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) நிற்கும் அறை, கடைசியாக ரிட்டர்ன் பம்ப்பின் உறிஞ்சும் வாய். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரையும் ஒரு பார்வை பாருங்கள். திடமான மீன் அதில் ஒட்டிக்கொள்ளாது. ஒட்டியிருந்தால் அது ஏற்கெனவே நலிந்தோ செத்தோ போன மீனாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

3. அம்மோனியா

மீன் கிடைக்கவில்லை என்றால் இந்தப் பரிசோதனை அவசியம். திரவக் கிட்தான் வாங்குங்கள், ஸ்ட்ரிப் வேண்டாம். நிறத்தில் சந்தேகம் வந்தால், புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரையும் அதே கிட்டில் சோதித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொட்டித் தண்ணீரின் நிறம் அதைவிட அடர்த்தியாக இருந்தால் உள்ளே ஏதோ அழுகுகிறது. ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். கடல்நீரின் பி.எச். 8-க்கு மேலே இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அதிகம் நச்சாகும்.

அளவு பூஜ்யம் என்றால் மீன் உயிரோடுதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நன்றாகப் பழகிய தொட்டியில் பாக்டீரியா சின்ன மீனின் கழிவைச் சமாளித்துவிடும். நசாரியஸ் நத்தை, ஹெர்மிட் நண்டு, பிரிசில் புழு எல்லாம் சேர்ந்தால் ஒரே ராத்திரியில் சின்ன மீனின் உடம்பு தடயமில்லாமல் போய்விடும்.

4. ராத்திரிக் கண்காணிப்பு

விளக்கு அணைந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்பு செல்லோஃபேன் தாளைச் சுற்றிப் பாருங்கள். சிவப்பு ஒளிக்குப் பெரும்பாலான உயிர்கள் மிரளாது.

பிரிசில் புழுவைக் கண்டதும் குற்றவாளி கிடைத்தாச்சு என்று முடிவு கட்டாதீர்கள். அது செத்ததைத் தின்னும் துப்புரவாளர். மயிர் மண்டிய, நகம் கறுத்த நண்டைச் சந்தேகியுங்கள். மேன்டிஸ் இறாலையும்தான், இருந்தால் 'டிக்' என்ற சத்தம் கண்ணாடிக்கு வெளியிலும் கேட்கும். நட்சத்திர மீன் மாதிரி நீண்ட கைகளுள்ள பச்சை பிரிட்டில் ஸ்டார் இன்னும் மோசம். கைகளை ஊன்றி உடம்பை மேலே தூக்கி ஒரு குகை மாதிரி நிற்கும், தூங்க இடம் தேடும் மீன் உள்ளே போனதும் சுருட்டிக்கொள்ளும். கடையில் இதைத் துப்புரவுக்கு என்று விற்றால் வாங்காதீர்கள். கார்பெட் அனிமோன் என்ற கடற்சாமந்தியும் மீனை விழுங்கும்.

நண்டு, மேன்டிஸ் பிடிக்க, தண்ணீர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு போட்டு ராத்திரி மணலில் வையுங்கள். எந்தப் பாறையில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் அந்த ஒரு பாறையை மட்டும் வெளியே எடுத்து, பொந்துக்குள் சோடாவைப் பீய்ச்சுங்கள், வெளியே வந்துவிடும்.

5. காத்திருத்தல்

புது மீன் ஒளிவது இயல்பு. மஞ்சள் கோரிஸ் மாதிரியான ராஸ் வந்த வேகத்தில் மணலுக்குள் புதைந்து சில நாள் எட்டிக்கூடப் பார்க்காது. தினமும் ஒரே நேரத்தில் நீரோட்டத்தை நிறுத்தி, டர்கி பேஸ்டரால் (ரப்பர் குமிழ் வைத்த பீய்ச்சும் குழாய்) மைசிஸ் என்ற சின்ன தீனி இறாலைப் பாறை இடுக்குகளில் மெல்ல விடுங்கள். பொந்தில் மூக்கு தெரிந்தால் போதும். இரண்டு ஃபயர்ஃபிஷ் வைத்திருந்தால், ஜோடி சேராதவை அடித்துக்கொள்ளும், தோற்றது ஒளியும் அல்லது குதிக்கும். மூன்று நான்கு வாரம் பொறுங்கள், அதற்குள் அந்த இடத்துக்கு வேறு மீன் வாங்க வேண்டாம்.

மூடி

கண்ணாடி மூடி நம் வெயிலுக்கு ஒத்துவராது, தண்ணீர் சூடேறும். ஜன்னல் கொசுவலைக்குப் போடும் சட்டத்தில், 6 மில்லிமீட்டர் கண்ணியுள்ள நிறமற்ற நைலான் வலையைப் பொருத்துங்கள். கொசுவலையையே போட்டால் பவளங்களுக்கு வெளிச்சம் குறையும். வயர் போகும் மூலை இடைவெளியையும் அடையுங்கள், மீன் அதன் வழியாகத்தான் போகும். ஓவர்ஃப்ளோ பல்லிலும் வலை கட்டலாம். ஆனால் வாராவாரம் பாசியைத் தேய்த்துவிட வேண்டும், அடைத்தால் தொட்டி வழியும்.

பின்சேர்க்கை: வடிகட்டி பின்னறையிலேயே இருக்கும் ஆல்-இன்-ஒன் தொட்டிக்காரர்கள் சிலர், தங்களுக்கு ஓவர்ஃப்ளோ பெட்டியே இல்லையே என்று கேட்டார்கள். உங்கள் பின்னறைதான் அது. ஃபில்டர் கூடையைத் தூக்கி, பஞ்சுக்கு அடியில் பாருங்கள். 50 லிட்டர் மாதிரிச் சின்னத் தொட்டியில் அம்மோனியா ஏறினால் மட்டும் என் முதல் எச்சரிக்கையைத் தளர்த்தலாம். மற்ற மீன்களை வாளிக்கு மாற்றிவிட்டு, மேல் பாறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அதே உப்புத் தண்ணீரில் வைத்துத் தேடுங்கள்.