பரவிய மெலனோமாவுக்கு இம்யூனோதெரபி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெலனோமா எனும் தோல் புற்றுநோய் நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ பரவிவிட்டால், 2011-க்கு முன் பாதிப் பேருக்கு மேல் ஓராண்டைக் கடக்கவில்லை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பும் இம்யூனோதெரபி மருந்துகளில், அந்த ஆண்டு இபிலிமுமாபும், 2014-இல் பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவையும் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு நிலைமை மாறியது. நிவோலுமாபையும் இபிலிமுமாபையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 விழுக்காட்டினர் பத்தாண்டு கடந்தும் உயிருடன் இருந்ததை செக்மேட் 067 ஆய்வு காட்டியது.

இந்த எண்ணை அப்படியே நம் வீட்டு நோயாளிக்குப் பொருத்திப் பார்ப்பது தவறு. மூளையில் கட்டி உள்ளவர்கள், படுக்கையில் கிடக்கும் அளவுக்குத் தளர்ந்தவர்கள் போன்றோரை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. மருத்துவமனைக்கு அன்றாடம் வருபவர்களில் அவர்களும் உண்டு. இந்தியர்களிடம் கூடுதலாகக் காணப்படும், உள்ளங்காலிலும் நக அடியிலும் தோன்றும் வகை, இம்மருந்துகளுக்குப் பொதுவாகக் குறைவாகவே கட்டுப்படுகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, இதையும் கீமோ என்றே எண்ணிப் பக்கவிளைவுகளை வீட்டிலேயே சமாளிக்க முயல்வதுதான். இம்மருந்து நோய் எதிர்ப்பு அணுக்களின் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதால், அவை குடல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு, அரிதாக இதயத்தையும் தாக்கக்கூடும். வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முறை கூடுதலாகப் பேதியாகிறது என்றால், அது குடல் அழற்சியாக இருக்கலாம். மருந்துக்கடையில் லோபரமைடு வாங்கி விழுங்கினால் பேதி அடங்கியதுபோல் தோன்றுமே தவிர, அழற்சி உள்ளே முற்றிக்கொண்டிருக்கும். அதற்கு வேண்டியது ஸ்டீராய்டு. சற்றுத் தேறியதும் அதைத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது, ஏனெனில் குறைந்தது நான்கு வாரங்களில் படிப்படியாகக் குறைக்காவிட்டால் அழற்சி திரும்பக்கூடும். கடைசி ஊசி போட்டுப் பல மாதங்கள் கழித்தும் இப்பக்கவிளைவுகள் வரலாம் என்பதால், வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தச் சிகிச்சை பெற்றதை முதலில் சொல்ல வேண்டும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டவர்கள், குறைந்துபோன ஹார்மோனுக்கு ஈடாகப் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் ஹைட்ரோகார்டிசோன் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு வேளைகூட விடக் கூடாது.

கட்டியில் பிராஃப் (BRAF) என்னும் மரபணு மாற்றம் இருந்தால், அதன் விளைவைத் தடுத்து வேகமாக வேலை செய்யும் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் மாத்திரைகளில் தொடங்கவே மனம் விரும்பும். ஆனால் டிரீம்செக் ஆய்வில் இரண்டாண்டு முடிவில், இம்யூனோதெரபியை முதலில் பெற்றவர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினரும், மாத்திரையை முதலில் பெற்றவர்களில் 52 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். நோய் மிக விரைவாகப் பரவும்போது மருத்துவர் வேறு முடிவெடுக்கலாம். மாத்திரை எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு அதே அளவைத் தொடராமல், உடனே மருத்துவக் குழுவைக் கேட்க வேண்டும்.

முதல் ஸ்கேனில் கட்டி சற்றுப் பெரிதாகத் தெரிந்ததும் சிகிச்சையைக் கைவிடுவதும் சரியன்று. எதிர்ப்பு அணுக்கள் கட்டிக்குள் குவிவதாலும் சிலருக்கு அவ்வாறு தெரிவதுண்டு; நோயாளி நன்றாக இருந்தால் சில வாரங்களில் மறு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். பெம்புரோலிசுமாபை இரண்டாண்டு முடித்து நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் நெடுநாள் அடங்கியே இருந்திருக்கிறது. ஆனால் ஊசி நிற்கிறதே ஒழிய, ஸ்கேனும் தைராய்டு உள்ளிட்ட இரத்தப் பரிசோதனைகளும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்தாக வேண்டும்.