கிளட்ச் வழுக்குகிறதா? முதலில் லீவரைப் பாருங்கள்

மேல் கியரில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, பைக் வேகம் பிடிக்கவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. உடனே பிளேட் மாற்ற ஓட வேண்டாம். கேபிள் கிளட்ச் உள்ள பைக்குகள் பலவற்றில் லீவர் முனையில் 10 முதல் 20 மி.மீ. வரை ஆட்டம் (கேபிள் இழுபடும் முன் லீவர் லூசாக நகரும் தூரம்) இருக்க வேண்டும். சரியான அளவு மேனுவலில் இருக்கும். ஆட்டமே இல்லையென்றால் பிளேட்டுகள் முழுதாகச் சேராது. கேபிளைத் தளர்த்தினாலே சரியாகிவிடலாம்.

அடுத்து ஆயில். எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடும் கிளட்ச் என்றால், உராய்வைக் குறைக்கும் கார் ஆயில் ஆகாது. டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக் குறியீடான ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

அப்புறமும் வழுக்கினால் பிளேட் மாற்ற வேண்டியதுதான். புதிய உராய்வு பிளேட்டுகளை மாட்டும் முன் எஞ்சின் ஆயிலில் நன்றாக ஊற வையுங்கள். அவசரத்தில் பலர் விடுவது இதைத்தான். ஸ்டீல் பிளேட் நீலம் பாய்ந்தோ வளைந்தோ இருந்தால் அதையும் மாற்றுங்கள். ஸ்பிரிங் நீளத்தையும் அளந்துவிடுங்கள். பிளேட்டுகள் உட்காரும் கூடையான பாஸ்கெட்டின் விரல்களில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் புதிய பிளேட்டும் சிக்கிச் சிக்கித்தான் பிரியும்.

கடினமான ஸ்பிரிங் போட்டால் பிடிப்பு கூடும், லீவரும் கனக்கும். எஞ்சின் சக்தியைக் கூட்டாதவர்களுக்கு அது வீண் செலவு.