பித்தப்பை எடுத்தாச்சு, இனி என்ன சாப்பிடலாம்?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பலருக்கும் வரும் பயம், “இனி வாழ்நாள் முழுக்கப் பத்தியச் சாப்பாடுதானா?” என்பது. இல்லை. பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதுவரை அவசரப்படாமல் இருந்தால் போதும்.

முதலில், உள்ளே என்ன மாறியிருக்கிறது?

கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பித்தப்பை அதைச் சேர்த்துவைத்துக் கெட்டியாக்கும் பை மட்டும்தான். கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்கு வந்ததும் அந்தப் பை சுருங்கி, பித்தநீரை மொத்தமாக வெளியே தள்ளும். இப்போது பை இல்லாததால் பித்தநீர் நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடலில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் கொழுப்பு வந்தால் உடம்பு சமாளித்துவிடும், ஒரேயடியாக நிறைய வந்தால் திணறும். வயிறு உப்புசம், வாயு, வயிற்றுப்போக்கு எல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகின்றன.

படி 1: முதல் சில நாட்கள்

தண்ணீர், தெளிவான சூப், பிறகு குழைய வெந்த சோறு, மசித்த உருளைக்கிழங்கு என்று மெதுவாக ஏறுங்கள். லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாக ஆபரேஷன், செய்தவர்களுக்குத் தோள்பட்டை வலிக்கலாம். ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் செலுத்திய வாயுதான் காரணம், சில நாட்களில் சரியாகிவிடும். சில வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும், அதனால் தண்ணீர் குடிப்பதையும் வீட்டுக்குள் நடப்பதையும் விடாதீர்கள்.

படி 2: எண்ணெயை ஸ்பூனில் அளந்து ஊற்றுங்கள்

எனக்கு மிகவும் கைகொடுத்தது இதுதான். பாட்டிலைச் சாய்த்து ஊற்றினால் எவ்வளவு விழுந்தது என்றே தெரியாது. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் ஏறக்குறைய 4.5 கிராம் கொழுப்பு இருக்கிறது. பொட்டல உணவு வாங்கினால், ஒரு பரிமாறலில் (லேபிளில் ‘serving’ என்று இருக்கும்) 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இல்லாததாகப் பார்த்து எடுப்பது ஆரம்ப வாரங்களுக்கு நல்ல கணக்கு. பொரித்தது, வெண்ணெய், சீஸ், கொழுப்புள்ள இறைச்சி எல்லாம் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். அதற்காகக் கொழுப்பை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும்.

படி 3: கொஞ்சமாக, அடிக்கடி

மூன்று பெரிய வேளைகளை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். காலையில் பட்டினி கிடந்துவிட்டு மதியம் வயிறு முட்டச் சாப்பிடுவதுதான் மோசமான வழி. ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் புரதம் இருக்கட்டும்: மீன், முட்டை வெள்ளைக்கரு, வேகவைத்த பருப்பு.

படி 4: நார்ச்சத்தை மெல்லக் கூட்டுங்கள்

ஓட்ஸ், ஆப்பிள், கேரட் போன்றவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து மலத்தைக் கெட்டிப்படுத்த உதவும். ஆனால் நல்லதுதானே என்று ஒரே நாளில் நிறையச் சாப்பிட்டால் வாயு கூடிவிடும். வாரக்கணக்கில் ஏற்றுங்கள்.

படி 5: ஒரு நோட்டு போடுங்கள்

என்ன சாப்பிட்டோம், எப்போது, அப்புறம் என்ன ஆனது. இந்த மூன்றையும் எழுதினால் போதும். “காலை 8: பால் காபி. 8.40: இரண்டு முறை கழிவறை.” இப்படி மூன்று நாள் திரும்பத் திரும்ப வந்தால், காபியையும் பாலையும் தனித்தனியாக நிறுத்திப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாக விட்டால் குற்றவாளி யார் என்று தெரியாது. காரமும் இனிப்பும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதும் ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

வயிற்றுப்போக்கு நிற்கவில்லையா?

சில வாரங்கள் கடந்தும் தண்ணீராகவே போனால் பொறுத்துக்கொண்டு உட்கார வேண்டாம், தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லுங்கள். பித்த அமிலம் அளவுக்கு மிஞ்சிப் பெருங்குடலுக்குப் போனால் அது தண்ணீரை இழுத்துவிடும். அந்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமைன் போன்ற மருந்துகள் இருக்கின்றன. கொலஸ்டிரமைன் மற்ற மாத்திரைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால், எதை எப்போது போடுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

காய்ச்சலும் குளிரும், கண்ணோ தோலோ மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாகி மலம் வெளுப்பது, கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, மூச்சுத்திணறல். பித்தப்பையை எடுத்த பிறகும் பித்தநாளத்தில் (பித்தநீர் போகும் குழாயில்) கல் தங்கியிருக்கலாம், பித்தநீர் கசியவும் வாய்ப்புண்டு. இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.