மூன்று யூனிட் செம்மண் போதவில்லை: கணக்கைச் சரிசெய்த விதம்

30 அடிக்கு 20 அடி தோட்டம், 6 அங்குல உயரம்: 30 × 20 × 0.5 = 300 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்பதால் 3 யூனிட் செம்மண் இறக்கினேன். தண்ணீர் விட்டதும் படிந்து, ஐந்து அங்குலத்துக்கும் கீழே போய்விட்டது.

பிழை பெருக்கலில் இல்லை. லாரியில் வரும் மண் உதிரி; நனைந்து படியும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே 300-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 375 கன அடி. குறைந்த 75 கன அடியைப் பிறகு வாங்கி நிரப்பினேன். களிமண் கட்டி அதிகமிருந்தால் இன்னும் கூடுதலாகவே படியும்.

தரை மேடு பள்ளமாக இருந்தால் நூல் கட்டி, ஒன்பது இடங்களில் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். வண்டி வந்ததும் தொட்டியின் உள்நீளம், உள்அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் டேப்பால் அளந்துவிட்டே கொட்டச் சொல்லுங்கள். கொட்டிய பின் குவியலை அளப்பது வீண்.

மூன்று அங்குலம் பரப்பினால் ஒரு யூனிட் 400 சதுர அடிக்கு வரும், படிவதற்கு முன். உலர்ந்த உதிரி மண் யூனிட்டுக்குச் சுமார் மூன்றரை டன். மழையில் நனைந்தது அதைவிட அதிகம் என்பதால் எடை பார்த்து வாங்காதீர்கள். மொட்டைமாடியில் ஆறு அங்குல ஈரமண் சதுர அடிக்கு 24 கிலோவுக்கு மேலும் அழுத்தக்கூடும். கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் அங்கே பரப்பவே கூடாது.